ரெண்டு பொட்டி, ஒரு கம்பி

ஒரே வீடு, ஒரே ஹால். பத்தடி தூரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்குக் கொண்டு போக வேண்டும். எப்படிக் கொண்டு போவீர்கள்?

வகுப்பில் ஏழெட்டுப் பேரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "பென் டிரைவ்" என்றார்கள். மீதிப் பேர் "நெட்ல ஏத்திட்டு அங்க இறக்கிக்கலாம்" என்றார்கள். ஒரு நல்லவன் "வாட்ஸப்ல எனக்கு நானே அனுப்பிப்பேன்" என்றான் :-) நாங்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்போம். ஆனால் "நடுவுல ஒரு லேன் கேபிளைச் சொருகினா முடிஞ்சுதே" என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கதை, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் செய்முறை. கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் பயப்படாமல் வாசிக்கலாம்.

முதலில் கதை.

பெரம்பலூர்–திருச்சி ரோட்டில் ஆலத்தூர் கேட்டில் திரும்பி உள்ளே வந்தால் எங்கள் செட்டிகுளம். மலை மேல் கையில் கரும்போடு தண்டாயுதபாணி, கீழே ஏகாம்பரேஸ்வரர், சுற்றிலும் சின்ன வெங்காயம். இதுதான் ஊர். எங்கள் வீட்டில் அண்ணன் காலேஜ் படிக்கும்போது 2006ல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அண்ணன் சிங்கப்பூர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பொட்டி மட்டும் ஹால் மூலையில், மேலே அம்மா பின்னிப் போட்ட உறையோடு உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி. 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் 62 ஜிபி நிறைந்திருக்கிறது.

அந்த 62 ஜிபியில் என்னவெல்லாம் இருக்கிறது? ஏழெட்டு வருஷத்துப் பங்குனி உத்திரத் தேர். அக்கா வயசுக்கு வந்த சடங்கு. பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. அண்ணன் தன் பழைய போனில் கண்டபடி எடுத்துத் தள்ளிய நூற்றுக்கணக்கான குட்டி வீடியோக்கள். அப்பாயி 2013ல் இறந்து போனார்கள். அவர்கள் போட்டோ சுவரில் மாலையோடு இருக்கிறது. ஆனால் நடந்து, பேசி, திட்டுகிற அப்பாயி இருப்பது அந்தப் பொட்டிக்குள் மட்டும்தான்.

போன மாசம் அந்த ஹார்ட் டிஸ்க் "டிக்... டிக்..." என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் அர்த்தம் ஒன்றுதான், கெடு வைத்துவிட்டது. ஒரு மாசமும் ஓடலாம், இன்றைக்கு ராத்திரியே நிற்கலாம். அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதுல அப்பாயி வெங்காயம் பொறுக்குற வீடியோ ஒண்ணு இருக்குடா. எப்படியாச்சும் எடுத்துரு" என்றான்.

எடுத்துவிடலாம்தான். எப்படி என்பதுதான் பிரச்னை. முன்பக்க யுஎஸ்பி இரண்டும் எப்போதோ செத்துவிட்டன. பின்பக்கத்தில் சொருகினால் நாலு ஃபைல் போவதற்குள் பென் டிரைவ் கழன்ற மாதிரி "டொங்" என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. சரி, நெட்டில் ஏற்றலாம் என்றால் எக்ஸ்பியில் இருக்கிற பழைய பிரவுசருக்கு இன்றைய இணையதளங்களின் பாதுகாப்பு முறை புரியாது. முக்கால்வாசி தளங்கள் திறக்கவே திறக்காது. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்றால், ஏற்கனவே மூச்சு வாங்குகிற டிஸ்க்கை அசைக்கவே பயமாக இருந்தது.

இப்போது கணக்கு. ஒரு பேச்சுக்கு அந்தப் பொட்டியில் நெட் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் போன் டேட்டாதான். ஒரு நாளைக்கு 2 ஜிபி. யாரும் யூட்யூப் பார்க்காமல், வாட்ஸப் தொடாமல் முழுசையும் இதற்கே கொடுத்தாலும் 62 ஜிபியை மேலே ஏற்ற 31 நாள். அதையே இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்க இன்னொரு 31 நாள். மொத்தம் 62 நாள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1995ல் வந்த விண்டோஸ் 95ல், இரண்டு கம்ப்யூட்டரை நேராகக் கேபிள் போட்டு இணைக்கிற வசதி இருந்தது. அப்போது லேன் இல்லாதவர்கள் சீரியல் போர்ட் வழியாக இணைப்பார்கள். அதன் உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பைட் அனுப்ப முன்னும் பின்னும் சேர்த்து 10 பிட் ஆகும். அந்த வேகத்தில் 62 ஜிபி அனுப்ப எத்தனை நாள் என்று கணக்குப் போட்டேன். விடை 62 நாள்! 1995ன் சீரியல் கேபிளும் இன்றைய டேட்டா பேக்கும் எங்கள் ஹாலைப் பொறுத்தவரை ஒரே வேகம்தான் :-)

லேன் கேபிள் என்றால்? பழைய பொட்டியில் இருப்பது 100 மெகாபிட் போர்ட். 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 12.5 எம்பி. நடைமுறையில் 11 எம்பி வரை வரும். 62 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு சினிமா ஓடி முடிகிற நேரத்தை விடக் குறைவு.

சரி, மறுமுனையில் எந்தக் கம்ப்யூட்டர்? இங்கேதான் அக்கா வருகிறாள். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருஷம் பிளஸ் டூ படித்த அக்காவுக்கும் ஒன்று வந்தது. விண்டோஸ் 7, கூடவே சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ், இரண்டும் போட்டு வந்த மெஷின். பேட்டரி போய்விட்டது, ஆனால் கரண்டில் போட்டால் இன்றும் ஓடுகிறது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது. முக்கியமாக, இப்போது வரும் ஒல்லி லேப்டாப்களில் இல்லாத லேன் போர்ட் பக்கவாட்டில் ஜம்மென்று இருக்கிறது. அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எடுத்துக்க. என் பி.எட். நோட்ஸ அழிச்ச, கொன்னுருவேன்" என்ற ஆசீர்வாதத்தோடு கிடைத்தது.

இனி செய்முறை. அதற்கு முன் தீப்பெட்டி போன்.

சின்ன வயசில் இரண்டு காலி தீப்பெட்டியில் நூலைக் கட்டி, திண்ணையின் இந்த முனையிலும் அந்த முனையிலும் நின்று பேசியிருப்பீர்கள். ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தன் பெட்டியை வாயில் வைத்தால் மற்றவன் காதில் வைக்க வேண்டும். இரண்டு பேரும் வாயில் வைத்தால் யாருக்கும் கேட்காது. இரண்டு பேரும் காதில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

லேன் கேபிளும் இதே கதைதான். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட்டில் இரண்டு ஜோடிக்குத்தான் வேலை. கம்ப்யூட்டரின் போர்ட்டில் 1, 2 என்ற பின்கள் வாய். 3, 6 என்ற பின்கள் காது. கம்ப்யூட்டரை ஸ்விட்சில் இணைக்கும்போது பிரச்னை இல்லை. ஸ்விட்சின் போர்ட்டில் வாயும் காதும் இடம் மாறித்தான் இருக்கும். ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களைச் சாதாரணக் கேபிளால் நேராக இணைத்தால் வாயோடு வாய், காதோடு காது!

அதனால்தான் அந்தக் காலத்தில் இதற்கென்றே கிராஸ் கேபிள் விற்றார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறுமுனையில் பச்சை ஜோடி, பச்சை இருக்கும் இடத்தில் ஆரஞ்சு. அவ்வளவுதான். ஒரு முனை டி568பி வரிசை, மறுமுனை டி568ஏ வரிசை என்று லேபில் ஒப்பித்தோமே, அதன் பயன் இதுதான். எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களே, அந்த மாதிரி.

இப்போது கிராஸ் கேபிளைத் தேடி அலைய வேண்டாம். 1999ல் ஜிகாபிட் ஈத்தர்நெட் வரையறை வந்த பிறகு "ஆட்டோ எம்டிஐ-எக்ஸ்" என்ற வசதி பரவிவிட்டது. எதிரே இருப்பது வாயா காதா என்று போர்ட்டே பார்த்து, தன் பக்கத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு இருந்தால்கூடப் போதும். அக்காவின் லேப்டாப்பில் இருந்தது போல. பெரம்பலூரில் நூறு ரூபாய்க்குள் வாங்கிய சாதாரண கேபிளைச் சொருகியதும் இரண்டு பக்கமும் பச்சை விளக்கு மினுக்கியது. விளக்கு எரியாவிட்டால் மட்டும் கிராஸ் கேபிள் பற்றி யோசியுங்கள். நீளம் 100 மீட்டர் வரை போகலாம். பக்கத்து வீட்டுக்கே இழுக்கலாம்.

விளக்கு எரிந்தால் கம்பி சரி. இனி முகவரி. வீட்டில் ரௌட்டர் இருந்தால் அதுவே எல்லோருக்கும் முகவரி கொடுக்கும். இங்கே ரௌட்டர் இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய பொட்டியில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய் ஐபி முகவரி 192.168.5.1 என்றும், லேப்டாப்பில் 192.168.5.2 என்றும் கொடுத்தேன். இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். வெளியே போவதற்குத்தான் கேட் வேண்டும், நாம் எங்கும் போகவில்லை. முதல் மூன்று எண்கள் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு ஒன்றாக இருக்க வேண்டும், கதவு எண் வேறாக இருக்க வேண்டும். 192.168 என்று தொடங்குபவை வீட்டு உபயோகத்துக்கு என்று 1994லேயே ஒதுக்கி வைத்த முகவரிகள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எதுவும் கொடுக்காமல் விட்டாலும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு 169.254 என்று தொடங்கும் முகவரியை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும். நாமே கொடுத்தால் எது எங்கே என்று தெளிவாக இருக்கும்.

அடுத்து பிங். லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து பிங் 192.168.5.1 என்று அடித்தால் "இருக்கியா?" என்று கூப்பிட்ட மாதிரி. பதில் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் ஃபயர்வால் கதவைச் சாத்தியிருக்கும். எக்ஸ்பியில் 2004ல் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் ஃபயர்வால் தானாகவே இயங்கும். ஃபைல் பகிர்வுக்கு மட்டும் அதில் விலக்குக் கொடுத்தால் பிங்கும் பேச ஆரம்பிக்கும். எனக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்தில் பதில் வந்தது. பத்தடி தூரம்தானே!

கடைசியாக, பழைய பொட்டியில் வேண்டிய ஃபோல்டரை வலது கிளிக் செய்து பகிர்வு கொடுக்க வேண்டும். லேப்டாப்பின் ரன் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.5.1 என்று எழுதி என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் கண் முன்னால்.

சாகக் கிடக்கிற டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, காப்பி மட்டும் செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். நடுவில் நின்றால் இரண்டுங்கெட்டான் ஆகிவிடும். இரண்டு, மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். திரும்ப எங்கேயும் கிடைக்காதது எதுவோ அது முதலில். சினிமாப் பாட்டு கடைசியில். பாட்டு எங்கேயும் கிடைக்கும்.

நானும் முதலில் அண்ணனின் போன் வீடியோ ஃபோல்டரைத்தான் இழுத்தேன். வேகம் 9, 10 எம்பி என்று நின்றது. டிஸ்க் நடுநடுவே "டிக்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடும். அப்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். மொத்தமும் முடிய இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று ஃபைல்கள் மட்டும் படிக்க முடியாமல் போயின. மூன்றும் பாட்டு. நல்லவேளை.

வீடியோ இருந்தது. 48 செகண்ட். படம் தீப்பெட்டி சைஸ், எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பட்டறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அப்பாயி வெங்காயம் பொறுக்குகிறார்கள். நிமிர்ந்து பார்த்து, "அந்தக் கருமத்த வச்சிட்டு வந்து கூடையப் புடிடா சாமி" என்கிறார்கள். அண்ணன் சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான். அம்மா அதை நாலு தடவை போடச் சொன்னார்கள். அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அண்ணனுக்கு அனுப்பினேன். அதற்கு மட்டும் வாட்ஸப் போதும், ஒரு எம்பி கூட இல்லை. அவன் பதிலே போடவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, "மத்ததையும் பத்திரமா வை" என்று ஒரு வரி வந்தது.

கம்பி விஷயத்துக்குத் திரும்புவோம். நெட்வொர்க் என்றாலே நமக்கு உலகம் பூராவும் என்ற நினைப்பு வருகிறது. ஆனால் இந்த ஈத்தர்நெட் பிறந்தது உலகத்தை இணைக்க அல்ல. அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் 1973ல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இதை உருவாக்கியபோது தேவை ரொம்பச் சின்னது. ஒரே கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், எல்லோரும் ஒரு லேசர் பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அன்றைய வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். பக்கத்தில் இருப்பவர்களுக்காகச் செய்ததுதான் பிறகு ஊரெல்லாம் பரவியது. இதற்காக மெட்காஃபுக்கு 2022ம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி அருகே வில்லியனூரில் 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் நெட் கொடுக்க வழியில்லாத காலம். வில்லியனூர் ஒன்றை மையமாக வைத்து, அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாகத் தகவல் அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தைப் பற்றிய தகவலை இணையத்திலிருந்து எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தூரத்திலிருந்து வருவதற்கு ஒரு வழி, பக்கத்தில் பகிர்வதற்கு வேறு வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

நாம் குழப்பிக்கொள்கிறோம். பத்தடி தள்ளியிருக்கும் பொட்டிக்கு அனுப்ப, எங்கோ இருக்கும் டேட்டா சென்டர் வரை போய் வருகிறோம். அதற்கு ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்ட், இடம் தீர்ந்தால் மாசச் சந்தா. நம் வீட்டுச் சடங்கும் சாவும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில். கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு எரிந்தாலும், வெள்ளம் வந்தாலும் தூரத்தில் ஒரு காப்பி இருப்பது நல்லது. அண்ணனுக்கு அனுப்பியதே நெட்டில்தான். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிட்டால், டேட்டா தீர்ந்த அன்று பக்கத்தில் இருப்பதும் தூரமாகிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும் முடிந்துவிட்டது. இரண்டையும் நெட்டில் விடுவது ஆபத்து. நெட்டே இல்லாமல் இரண்டையும் ஒரு கம்பியால் கட்டினால் நடுவில் யாரும் வர முடியாது.

புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி முதல் பதிப்பு என்ற பழைய பாஷை மட்டும். 2017 மே மாதம் வான்னாகிரை வைரஸ் அதன் ஓட்டை வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை. ஆகவே விண்டோஸ் 11ஐயும் எக்ஸ்பியையும் நேராகக் கட்டினால் பிங் பேசும், ஃபோல்டர் திறக்காது. அந்தப் பழைய பாஷையை மறுபடி நிறுவுவதை விட, பழைய பொட்டியில் சின்னதாக ஒரு எஃப்டிபி சர்வர் ஓடவிட்டு எடுப்பது நல்லது. புது லேப்டாப்கள் இரண்டு என்றால் நெட்வொர்க்கைப் 'பிரைவேட்' என்று மாற்றி, பாஸ்வேர்ட் உள்ள யூசர் கணக்கில் பகிருங்கள். லேன் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பியில் சொருகும் அடாப்டர் கடையில் கிடைக்கும். பத்துப் போட்டோதான் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், போனில் இருக்கும் குயிக் ஷேர் போதும். அதுவும் நெட்டைத் தொடாமல் பக்கத்தில் இருப்பவருக்கு நேராகக் கொடுப்பதுதான். கம்பிக்குப் பதில் காற்று.

எங்கள் ஊரில் விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்போம். காற்றோட்டமாக, தரையில் படாமல், அடுத்த நடவு வரைக்கும். அதில் ஒரு அழுகல் வாடை வந்தால் போதும், அன்றைக்கே மொத்தத்தையும் பிரித்துக் கொட்டி, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கித் தனியே சேர்ப்போம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்குப் பார்த்தால் விதையே மிஞ்சாது என்று ஊருக்கே தெரியும். ஹார்ட் டிஸ்க்கின் "டிக்" சத்தமும் அதே அழுகல் வாடைதான். மூக்குக்குப் பதில் காது.

உங்கள் வீட்டிலும் அலமாரி மேல் ஒரு இலவச லேப்டாப், மூலையில் உறை போட்ட ஒரு பழைய பொட்டி இருக்கும். சத்தம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓடவிட்டுப் பாருங்கள், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று. பெரம்பலூர் பக்கம் இருக்கிற நண்பர்கள் கேபிள் வாங்கக்கூட வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். கிராஸ் கேபிளும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், பச்சை விளக்கு எரியாதவர்களுக்காக.